வீடொதுக்கல்: கல்முனைக் கரையோர வீடுகளின் ஒரு சிறு வரலாறு

நோன்பு வருவதற்கு முன் வீடு ஒதுக்குவது எங்கள் ஊர்களில் பழைய வழக்கம். பறாஅத் முடிந்த கையோடு பாய், தலையணை எல்லாம் வெயிலுக்கு வரும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அடுப்படிப் புகைக்கறையைச் சுரண்டுவார்கள். சுண்ணாம்பு போய்ப் பெயின்ற் வந்துவிட்டாலும் வழக்கம் போகவில்லை. இந்த வருடம் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் அந்த வேலையை மூத்த மகள் பொறுப்பெடுத்தாள். அவளுடைய கைபேசியில் மரி கொண்டோ என்ற ஜப்பானியப் பெண் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய நூல் 2014இல் ஆங்கிலத்தில் வந்து உலகம் முழுக்க விற்றது. 2019இல் நெட்பிளிக்ஸில் தொடராகவும் வந்தது. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, மனதுக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று பார்த்து, தராதவற்றுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் முறை.

மகள் கையில் எடுத்த பத்தாவதோ பதினோராவதோ பொருள் ஒரு பித்தளை வட்டா. ஒரு பக்கம் நெளிந்தது. கால் ஆடும்.

"இத என்னத்துக்கு உம்மா வெச்சிரிக்கீங்க? பழைய இரும்புக்காரர் வந்தாக் குடுத்திருவமே."

நான் பதில் சொல்லவில்லை. வீடு அவளுடையது, உறுதி அவள் பெயரில் இருக்கிறது. எங்கள் வழக்கப்படி நான் மகள் வீட்டில் ஓர் அறையில் இருக்கும் உம்மா. எதை வைப்பது, எதைக் கழிப்பது என்ற உரிமை அவளுக்குத்தான். ஆனால் முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவளுக்கு வாய் சும்மா இருந்தாலும் பேனா சும்மா இருப்பதில்லை.

என்னிடம் ஓர் ஆவணம் இருக்கிறது. வாப்பாவின் கணக்குக் கொப்பி. விதைநெல் கணக்கு, உழவு கூலி, கடன் ஆகியவற்றுக்கு நடுவில், 1982இல் என் கலியாணத்தின்போது வீட்டோடு சேர்த்து எனக்குத் தந்த சாமான்களை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். கட்டில் 1, அலுமாரி 1, மேசை 1, கதிரை 4, வாங்கு 1, பன்பாய் 12, தலையணை 8, கிடாரம் 1, சஹன் 2, படிக்கம் 1, கூசா 1, உரல் 1, உலக்கை 2, அம்மி, திருவலை, பானை சட்டி வகைகள். அவ்வளவுதான். வாப்பா ஏழையல்ல, ஊரில் நடுத்தரமான போடியார் என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் ஒரு முழு வீடு ஒரு கொப்பிப் பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

இந்தப் பட்டியலை வகுப்பில் ஒருமுறை பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒரு பிள்ளை கேட்டாள்: "கதிரை நாலு, பாய் பன்னிரெண்டு, ஏன் டீச்சர்?" வரலாற்றுக் கேள்வி என்றால் அதுதான்.

சொற்களைப் பாருங்கள். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல், குசினி, விறாந்தை இவை எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். பத்து வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற சொற்களில் லாச்சி ஒன்று, கக்கூசு இன்னொன்று. கோட்டைகள் கைமாறின; சொற்கள் எங்கள் வீட்டுக்குள் நின்றுவிட்டன. தமிழ்நாட்டில் நாற்காலி என்பார்கள், எங்களுக்குக் கதிரைதான்.

அதற்கு முன்பே வீட்டில் இருந்தவற்றின் பெயர்களை எடுத்துக்கொள்வோம். பாய், உறி, ஏணை, கொடி, சுளகு, பெட்டி, பானை. பாய் சுருளும். உறியும் ஏணையும் முகட்டில் தொங்கும். சுளகு சுவரில் சாயும். ஓலைப் பெட்டி ஒன்றுக்குள் ஒன்று போகும், பானை ஒன்றின்மேல் ஒன்று ஏறும். தரையில் நிரந்தரமாக இடம் பிடித்து நிற்பது பெட்டகம் ஒன்றுதான். கடல் கடந்து வந்த சொல்லுள்ள சாமான்களோ நாலு காலில் நிற்கும்; நின்ற இடத்தை விட்டு நகராது. இதை ஒரு பெரிய விதியாக நான் சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் வீடுகளின் தரை எப்போது, எந்த வழியால் நிரம்பத் தொடங்கியது என்பதற்கு எங்கள் வாய்ச்சொல்லே ஒரு சாட்சி.

தரை வெறுமையாக இருந்ததற்குக் காரணம் வறுமை மட்டுமல்ல, அந்த இடத்துக்கு வேலை அதிகம். பழைய வீட்டின் முன் மண்டபத்தில் இரவில் பிள்ளைகள் படுப்பார்கள். சுபஹுக்குப் பாய் சுருண்டால் அது தொழும் இடம். பிறகு ஓதும் இடம். வெள்ளாமை வெட்டி வந்தால் நெல் மூட்டை அடுக்கும் இடம். கந்தூரி, கலியாணம் என்றால் பாய் விரித்து, சஹனைச் சுற்றி ஐந்தாறு பேராக உட்கார்ந்து சாப்பிடும் இடம். எங்கள் கரையோரப் பெண்கள் பன் வெட்டிக் காயவைத்து, சாயம் போட்டு இழைத்த அந்தப் பாய்கள்தான் கட்டில், கதிரை, சாப்பாட்டு மேசை எல்லாம். வேலை முடிந்தால் மூலையில் சாய்ந்து நிற்கும்.

மௌத்து வீடு என்றால் இன்னும் தெளிவாகத் தெரியும். முன்பு உயிர் பிரிந்தால் ஒரு பாயை விரித்தால் போதும். இப்போது மௌத்துச் செய்தி கேட்டு ஓடி வரும் ஆம்பிளைகளின் முதல் வேலை ஹோலில் கிடக்கும் செற்றியையும் டீவி ராக்கையையும் தூக்கி அடுத்த வீட்டு விறாந்தையில் வைப்பது. ஜனாஸாவுக்கு இடம் வேண்டுமே. போன வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று துண்டாக வரும் பெரிய செற்றி கதவால் வெளியே போகவில்லை. அதை எப்படி உள்ளே கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. கடைசியில் மையித்தை அறைக்குள்ளேயே வைத்தார்கள்.

மார்க்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆணுக்கு ஒரு படுக்கை, அவன் மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று, நாலாவது ஷைத்தானுக்கு என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. சூரா நஹ்லில் 80ஆவது வசனம் வீட்டைப் பற்றிப் பேசும்போது ஸகன் என்ற சொல்லைக் கையாள்கிறது. மன அமைதியைக் குறிக்கும் ஸகீனத்தும் அதே வேரில் பிறந்ததுதான். மூத்தம்மாவுக்கு அறபு இலக்கணம் தெரியாது. "ஊடு எண்டா ஈக்கில் தடையில்லாமப் போய் வரணும்" என்று மட்டும் சொல்லுவா. கடல் மணல் பரப்பிய வளவை விடியற்காலை அவ கூட்டி முடித்தால், மணலில் ஈக்கில் கோடுகள் விசிறி மாதிரி விழுந்திருக்கும். முதலாவது கால் பட்டுக் கலையும் வரை அதை மிதிக்க எங்களுக்கே மனம் வராது.

ஆனால் வெறும் பழக்கத்தினால் மட்டும் ஒரு வீடு வெறுமையாக இருக்காது. சாமான் சேருவது மனித இயல்பு. அதைக் கழிக்க ஒரு ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு எங்கள் கலியாண முறைக்குள் இருந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

கிழக்குக் கரையில் முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவாக இருக்கும் தாய்வழிக் குடி முறையை, 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய பெரிய நூல் 2008இல் வந்தது. பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இது எமக்குத் தெரிந்ததுதான். சீதனத்தின் பாரம், பெண் பிள்ளை பெற்றவர்களின் கண்ணீர் பற்றி இவ்விதழ் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை; அதை நான் நியாயப்படுத்தவும் இல்லை. நான் பார்ப்பது அதன் இன்னொரு பக்கம். மூத்த மகளுக்குத் தாய் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவில் இன்னொரு வீடு கட்டிப் போவார்கள். அடுத்த மகளுக்கு அந்த வீடு. அதற்கடுத்தவளுக்கு அதற்கடுத்தது. கடைசி மகளோடு பெற்றார் தங்கிவிடுவார்கள்.

என் உம்மாவுக்கு மூன்று பெண் பிள்ளைகள். 1982இல் பெரிய வீட்டை எனக்குத் தந்துவிட்டு வடக்குப் பக்கத்தில் சின்ன வீட்டுக்குப் போனா. ஐந்து வருடத்தில் அதையும் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் இன்னொன்றுக்குப் போனா. ஒவ்வொரு முறையும் தன் கையால் முழு வீட்டையும் கிளறி, இது மகளுக்கு, இது ஏழை சாதிசனத்துக்கு, இது எறிய, இது எனக்கு என்று பிரித்தா. "எனக்கு" என்ற குவியல் ஒவ்வொரு முறையும் சிறுத்தது. கடைசி வீட்டுக்கு உம்மா கொண்டுபோனது ஒரு பெட்டகம், இரண்டு பாய், ஒரு கூசா, இந்த வட்டா. 1999இல் உம்மா மௌத்தானபோது ஒதுக்குவதற்கு எங்களுக்கு வேலையே இருக்கவில்லை.

சுவீடன் நாட்டில் சாவுக்கு முன் தன் சாமான்களைத் தானே ஒழுங்குபடுத்தும் வழக்கத்தைப் பற்றி மார்கரெட்டா மாக்னுசன் என்ற முதியவர் 2017இல் எழுதிய புத்தகம் பெரிய பேச்சாக இருந்தது. எங்கள் உம்மாமார் அதைச் சாவுக்காகச் செய்யவில்லை. கலியாணத்துக்காகச் செய்தார்கள். பந்தல் போட்ட வாசலில், வெற்றிலை வாயோடு, சாதிசனத்தின் பகிடிக்கு நடுவில்.

இது எப்படிக் கலைந்தது?

முதல் அடி 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளி. எனக்கு அப்போது 18 வயது. எங்கள் வளவில் தென்னை ஒன்றும் மிஞ்சவில்லை, கிடுகுக் கூரை எங்கே போனது என்றே தெரியாது. திருப்பிக் கட்டியவர்கள் முடிந்தவரை கல்லிலும் ஓட்டிலும் கட்டினார்கள். கல்வீட்டில் அறை கூடும். அறை கூடினால் மூலை கூடும், மூலையில் சாமான் கூடும். அதே காலத்தில், 1977க்குப் பின், திறந்த பொருளாதாரமும் வளைகுடாப் பயணமும் வந்தன. சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்தவர்கள் பெரிய சூட்கேசுகளில் போர்வை, றேடியோ கசெற், பீங்கான் செற் என்று கொண்டுவந்தார்கள். அவற்றை வைக்கக் கண்ணாடி சோகேஸ் வந்தது. இந்த சோகேஸைப் பற்றித் தனியாக ஒருவர் ஆய்வு செய்யலாம். பாவிப்பதற்கல்லாமல் பார்ப்பதற்கென்று ஒரு சாமான் எங்கள் வீட்டில் இடம் பிடித்தது அதோடுதான். பாலைவனத்தில் வியர்வை சிந்திய பிள்ளையின் பாசம் அந்தக் கண்ணாடிக்குள் இருக்கிறது என்பதால் அதைக் கழிக்க எந்த உம்மாவுக்கும் மனம் வராது. எனக்கும் வரவில்லை.

இரண்டாவது, இடம். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு கீற்று நிலம். அதில் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை என்று நெருங்கிக் கிடக்கிறோம். அடுத்த மகளுக்கு வளவில் இடமில்லை. வீடு மேலே எழும்பியது. மேல்மாடி கட்டினால் கீழ் வீட்டை ஒதுக்கத் தேவையில்லை. யாரும் எங்கும் குடிபெயராததால் யாரும் எதையும் பிரிக்கவுமில்லை.

மூன்றாவதைச் சொல்லக் கை கூசுகிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, கடல் எங்கள் வீடுகளை ஒதுக்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மௌத்தானார்கள். இலங்கையில் ஆகக் கூடிய இழப்பு எங்கள் மாவட்டத்துக்குத்தான். எங்கள் வீட்டில் தண்ணீர் இடுப்பளவு. கடலுக்குக் கிட்ட இருந்த கடைசித் தங்கையின் புது வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. உம்மாவின் பெட்டகம் அங்கேதான் இருந்தது. நாலாம் நாள் இரண்டு வளவு தள்ளிச் சேற்றுக்குள் ஒரு விளிம்பு பளபளத்தது. தோண்டி எடுத்தோம். இந்த வட்டா. தங்கையின் மகனை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் இரண்டு விதமான வீடுகளைப் பார்த்தேன். சில வீடுகளில் ஒரு தும்பையும் எறியமாட்டார்கள். நிவாரணத்தில் வந்த வாளி, கூடாரத் துணி, உடைந்த கோப்பை வரை கட்டிலுக்கடியில் கிடக்கும். இன்னும் சிலர், "எல்லாம் போய்த்து, இனி என்னத்துக்கு" என்று நாலு சாமானோடு இருந்துவிட்டார்கள். முன்னவர்களைப் பார்த்து ஒதுக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லவும், பின்னவர்களைப் பார்த்து எளிமையாக வாழ்கிறார்கள் என்று புகழவும் எனக்கு வாய் வராது. கைபேசிக்குள் பேசும் அந்தப் பெண்ணுக்கு இது தெரிய நியாயமில்லை.

வெறும் வீடு தானாக அமைதி தராது என்பதற்கு அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையைச் சொல்லலாம். சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்ற இனப் பிணக்கு நீதிமன்றம் வரை போக, அவை வருடக்கணக்கில் ஆளில்லாமல் பற்றை பிடித்துக் கிடந்தன. ஒரு தூசிச் சாமானும் இல்லாத வீடுகள். அந்தப் பாதையால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

குடியேறக் கிடைத்த வீடுகளிலும் ஒரு சிக்கல் இருந்தது. கடலோரத்தில் கட்டக்கூடாது என்று கிழக்கில் முதலில் 200 மீட்டர் எல்லை போட்டார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர்தான். பின்னர் அது குறைந்தது. மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்துக்கு 65 மீட்டர் என்றே பெயர் நின்றுவிட்டது. கல்முனை கிறீன் பீல்ட் போன்ற இடங்களில் மாடிவீடுகள் எழும்பின. மாடிவீட்டில் வளவு இல்லை, இன்னொரு மகளுக்கு அருகில் ஒரு வீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. அதைவிட, படிவங்களில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. கடல் கொண்டுபோன வீடு மனைவியின் சீதன வீடு; பதிலாக வந்த வீடு பல இடங்களில் கணவன் பெயரில். மெக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் 2010இல் வெளியான ஒரு கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டினார்கள். எங்கள் கரையில் வீட்டை ஒதுக்குகிறவள் அதன் சொந்தக்காரி. ஒதுக்குவதை மட்டும் அவள் கையில் விட்டு உறுதியை வேறொரு கைக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இனி வரும் ஒரு தலைமுறைதான் சொல்லும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, எனக்கு இன்னும் பெரிய கவலை சாமான்களைப் பற்றியதல்ல, கடுதாசியைப் பற்றியது. உம்மாவின் பெட்டகத்துக்குள் புடவைக்கு அடியில் சில கிதாபுகள் இருந்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் பத்ஹுத் தய்யான் ஒன்று, அறபுத்தமிழில் அச்சிட்டது. இன்னும் கையெழுத்தில் எழுதிய மாலை, முனாஜாத்து, மூத்தவாப்பா காலத்து வயல் உறுதிகள், காவின் கடுதாசிகள். நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். பதினேழு வருடம் அந்தப் பெட்டகம் என் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஒரு நாளாவது உட்கார்ந்து அவற்றைப் பிரதி செய்யவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன்.

சுனாமி கொண்டுபோனது ஒருமுறைதான். நோன்புக்கு முந்திய ஒதுக்கல் வருடம் வருடம் கொண்டுபோகிறது. குர்ஆன் எழுத்துள்ள பழைய தாள்களைக் காலில் படக்கூடாது என்ற மரியாதையில் கடலில் விடுகிறோம், புதைக்கிறோம். அறபுத்தமிழை வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அறபெழுத்தில் இருப்பதெல்லாம் குர்ஆன்தான். தமிழ்ப் பாட்டும், மருத்துவக் குறிப்பும், ஊர்க் கணக்கும் அதே மரியாதையோடு கடலுக்குப் போகின்றன. பித்தளையைக் கிலோக் கணக்கில் விற்கிறோம். சோகேஸை மட்டும் துடைத்துத் துடைத்து வைக்கிறோம். முன்பு உம்மாமார் வீட்டைக் கழித்தார்கள், பெட்டகத்தைக் காத்தார்கள். நாங்கள் இரண்டையும் மாற்றிச் செய்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நூலகம் நிறுவனம் போன்றவை பழைய நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் பாதுகாத்து வருகின்றன. கைபேசியால் ஒரு படம் எடுத்துவிட்டுப் பிறகு கடலில் விட்டாலும் பாதி காப்பாற்றியதாகும்.

இதை எழுதி முடித்து மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அசருக்குப் பிறகு வட்டாவைப் புளி போட்டுத் துலக்கினாள். நெளிவு நெளிவாகவே இருக்கட்டும், தட்டி எடுக்க வேண்டாம் என்றாள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு செற்றியில் ஒரு துண்டை விற்க ஆள் பார்க்கச் சொன்னாள். சோகேஸைப் பற்றிப் பேச்சை எடுத்தாள், நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

இரவு வாப்பாவின் பட்டியலைப் போலத் தன் வீட்டுக்கும் ஒன்று எழுதப்போவதாக ஒரு கொப்பியோடு உட்கார்ந்தாள். ஹோல் முடிந்தது, இரண்டு அறை முடிந்தது, குளிரூட்டிக்கு மேலே கிடந்தது வரை எழுதினாள். ஆறு பக்கம். குசினி வாசலில் நின்று உள்ளே ஒருமுறை பார்த்தாள்.

"மிச்சத்தப் பெருநாளைக்குப் பிறகு எழுதுவம் உம்மா."